வெண்பனி மிகுந்த குளிர்காலத்திற்குப் பின் வறட்சி நீங்குமா?

கலிபோர்னியா மாகாணத்து அனுபவம்

மலைமேல் வெண்பனி நிறையப் பெய்துவிட்டால் அவ்வாண்டு பாசனத்திற்குக் குறைவிராது என்பது குளிர்நாட்டுக் குடியானவர்களின் நெடுநாளைய நம்பிக்கை. இந்நம்பிக்கை பெரும்பாலும் பிழையன்று. ஆயினும் அதனை முழுதும் நம்பி விதைத்தவர்கள் சில ஆண்டுகளில் பெருநஷ்டம் அடைந்திருக்கின்றனர். எக்காலத்தில் இது பொய்க்கும், ஏன் பொய்க்கும் என்பவற்றை ஐக்கிய அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாகாணத்தில் 2015ஆம் ஆண்டு முதல் நிகழ்ந்தவற்றைக் கொண்டு இவ்வியாசத்தில் ஆராய்வோம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவு செய்துகொள்ளுதல் நலம். மார்கழி, தை மாதங்களில் நம் வயல்களில் இறங்கும் பனி வேறு. இங்குச் சொல்லப்படும் வெண்பனி வேறு. முன்னது இரவில் புல்நுனியில் தோன்றிக் காலை வெயிலில் மறைவது. பின்னது மேகத்திலிருந்து பஞ்சு போல் விழுந்து, குளிர் நீங்கும்வரை மலைமேல் ஆள் உயரத்திற்கும் மேலாகக் குவிந்து கிடப்பது. அஃது உருகும்போதுதான் ஆறுகளில் நீர் பெருகும்.

நாட்டின் அமைப்பு

கலிபோர்னியாவின் நடுவே வடக்குத் தெற்காகச் சுமார் 450 மைல் நீளமுள்ள ஒரு பெரும் பள்ளத்தாக்கு இருக்கின்றது. அதன் கிழக்கு எல்லையில் ஸியெரா நெவாடா என்னும் மலைத்தொடர் மதில் போல் நிற்கின்றது. அதன் சிகரங்களுட் சில 14,000 அடிக்கு மேற்பட்டவை. பள்ளத்தாக்கின் வடபாகத்தில் ஸாக்ரமென்டோ ஆறும், தென்பாகத்தில் ஸான் வாக்கீன் ஆறும் ஓடி நடுவில் கூடிக் கடலை அடைகின்றன. தென்கோடியில் உள்ள டுலேரிப் பிரதேசத்து ஆறுகளுக்குக் கடலுக்குச் செல்லும் வழி இயற்கையில் கிடையாது. அவை ஒரு தாழ்ந்த வெளியில் வந்து தேங்குவனவாம். வாதுமை, பிஸ்தா, திராட்சை, தக்காளி, பருத்தி, குதிரை மசால் முதலிய பயிர்களோடு, வடபாகத்துக் களிமண் நிலங்களில் நெல்லும் இங்கு ஏராளமாக விளைகின்றது. உலகத்து வாதுமைப் பருப்பில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இம்மாகாணத்தினின்றே வருகின்றது.

இந்நாட்டு மழையின் இயல்பு நம் வாசகர்களுக்கு விநோதமாகத் தோன்றக்கூடும். ஆண்டு முழுவதிற்கும் உரிய மழையில் பெரும்பாகம் நவம்பர் முதல் மார்ச்சு முடியப் பெய்துவிடும். பயிர் வளரும் கோடையிலோ ஒரு துளியும் விழுவதரிது. அதாவது, மழை வேண்டும் காலத்தில் பயிர் இல்லை; பயிர் நிற்கும் காலத்தில் மழை இல்லை. இவ்விடைவெளியை நிரப்புவது மலைமேல் உள்ள வெண்பனியே. குளிர்காலத்தில் பெய்ததை அது தன்னிடம் வைத்துக்கொண்டிருந்து, ஏப்ரல் முதல் ஜூலை வரையில் சிறிது சிறிதாக ஆறுகளில் விடுகின்றது. கரையும் மதகும் இல்லாத ஒரு பேரேரி மலையுச்சியில் இருப்பதாக நினைத்துக்கொண்டால் தவறாகாது. அம்மாகாணத்து நீர்த்தேவையில் சராசரியாகப் பத்தில் மூன்று பங்கு இவ்வெண்பனியிலிருந்தே கிடைக்கின்றது.

வெண்பனியை நிறுத்துப் பார்த்தல்

மலைமேல் எத்தனை அடி வெண்பனி இருக்கின்றது என்று அறிவதனால் மட்டும் பயனில்லை. புதிதாக விழுந்தது பஞ்சு போல் இலேசானது. பத்து அங்குல உயரம் இருந்தாலும் உருக்கினால் ஓர் அங்குல நீரே கிடைக்கும். நாட்பட்டு இறுகியதோ இரண்டரை அங்குலத்திற்கு ஓர் அங்குலம் தரும். ஆகவே ஆழத்தை அளப்பதோடு நில்லாமல் எடையையும் அறிய வேண்டும்.

இதற்கு வழி கண்டவர் ஜேம்ஸ் எட்வர்ட் சர்ச் என்பவர். இவர் நெவாடா சர்வகலாசாலையில் லத்தீன் மொழி போதித்த ஆசிரியர். பொறியியல் வல்லவருமல்லர், விவசாயியுமல்லர். மலையேறுவதில் பிரியங்கொண்டு ரோஸ் என்னும் மலைமேல் ஒரு வானிலைச் சாவடி அமைத்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெண்பனியை நிறுக்கும் குழாய் ஒன்றைச் செய்தார். நுனியில் பற்கள் உள்ள அக்குழாயை நேரே தரைவரையில் இறக்கி, உள்ளே அகப்பட்ட வெண்பனியோடு தூக்கி, வில்தராசில் தொங்கவிட்டு நிறுப்பர். இம்முறையைப் பின்பற்றி அந்நாட்டுச் சர்க்கார் இலாகாக்கள் கையாளும் குழாயின் உள்விட்டம் ஒன்றரை அங்குலத்திற்குச் சிறிது குறைவாக அமைக்கப்பட்டிருக்கின்றது. அவ்வளவில் வைத்தால் ஓர் அவுன்ஸ் எடை ஓர் அங்குல நீருக்குச் சமமாகிவிடும். பெருக்கல் வகுத்தல் ஒன்றும் வேண்டுவதில்லை. தராசின் முள் 20 அவுன்ஸைக் காட்டினால் அவ்விடத்தில் 20 அங்குல நீர் உறைந்து கிடக்கின்றது என்பது பொருள். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இம்முறை கைவிடப்படவில்லை. இதனைப் போன்ற எளிய கருவிகள் விவசாயத்திற்கு ஆற்றிய உதவி, பெரிய யந்திரங்கள் ஆற்றியதற்குக் குறைந்ததன்று என்பது எமது கருத்து.

கலிபோர்னியாவில் 1929 முதல் இவ்வளவெடுப்பு ஒழுங்காக நடைபெற்று வருகின்றது. தற்காலத்தில் இதனோடு, தரையில் பரப்பி வைத்த பெரிய பைகளின்மேல் அழுத்தும் பாரத்தைத் தாமே குறித்தனுப்பும் கருவிகளும், விமானத்தினின்று ஒளிக்கதிர் செலுத்தி மலை முழுவதையும் அளக்கும் முறையும் வழங்குகின்றன. ஏப்ரல் மாதம் முதல் தேதியில் உள்ள அளவையே ஆண்டின் உச்ச அளவாகக் கொள்வது வழக்கம். அத்தேதிக்குப் பின் பெய்வது சிறிது; உருகுவது பெரிது.

சில ஆண்டுகளின் கணக்கு

2015ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி, மாகாணத்துக் கவர்னர் ஜெர்ரி பிரௌன் என்பவர் ஸியெரா மலையில் பிலிப்ஸ் என்னும் அளவெடுக்கும் ஸ்தலத்திற்கு நேரில் சென்றார். சுமார் 6,800 அடி உயரத்திலுள்ள அவ்விடத்தில் 1941 முதல் கணக்கு இருக்கின்றது. ஆள் உயரம் வெண்பனி நிற்க வேண்டிய அந்நாளில் அவர் நின்றது காய்ந்த புல்தரையின்மேல். மாகாணம் முழுவதும் சேர்த்து அவ்வாண்டு இருந்த வெண்பனி சராசரியில் நூற்றுக்கு ஐந்து பங்கே. நகரங்களின் நீர்ச் செலவை நான்கில் ஒரு பங்கு குறைக்கும்படி அன்றே கட்டளை பிறந்தது.

பிறகு சில நல்ல ஆண்டுகள் கழிந்து, 2020 முதல் 2022 வரையில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மழை குன்றிற்று. கணக்கெடுக்கத் தொடங்கியது முதல் தொடர்ச்சியான மூன்று ஆண்டுகளில் அவ்வளவு வறண்டவை வேறில்லை என்று அளவெடுப்போர் கூறினர். இவற்றுள் 2021ஆம் ஆண்டில் நிகழ்ந்ததை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஏனெனில் எண்களை மட்டும் நம்பியவர்கள் ஏமாந்தது அவ்வாண்டில்தான்.

அவ்வாண்டு ஏப்ரல் தொடக்கத்தில் மலைமேல் வெண்பனி சராசரியில் பாதிக்கு மேல் இருந்தது. செழிப்பென்று சொல்லக் கூடாவிடினும் 2015ஐப் போன்ற பாழ் ஆண்டன்று. அவ்வளவு வெண்பனிக்கு ஆறுகளில் இவ்வளவு நீர் வரும் என்று நீர்வள இலாகாவார் பழைய ஆண்டுகளின் கணக்கைக் கொண்டு மதிப்பிட்டனர். வெண்பனி உருகிற்று, ஆயின் நீர் வரவில்லை. சில வாரங்களுக்குள் எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் பல லட்சம் ஏக்ரா-அடி வித்தியாசம் கண்டது. (ஓர் ஏக்ரா நிலத்தில் ஓர் அடி ஆழம் நிற்கும் நீர் ஓர் ஏக்ரா-அடி, அது 43,560 கன அடியாகும்.) ஸாக்ரமென்டோ ஆற்றின் உபநதியொன்றின்மேல் கட்டப்பட்ட ஓரோவில் நீர்த்தேக்கம் சுமார் 35 லட்சம் ஏக்ரா-அடி கொள்ளக்கூடியது, நம் மேட்டூர் அணையைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல். அது அவ்வாண்டு கோடையில் நூற்றுக்கு 22 பங்குவரையில் வற்றிவிட்டது. ஆகஸ்டு 5ந் தேதி அங்குள்ள மின்சார நிலையம், கட்டிய நாள் முதல் அதுவரை இல்லாதவாறு, நீர்மட்டம் போதாமல் நிறுத்தப்பட்டது.

அந்நீர் எங்கே போயிற்று? மண் குடித்துவிட்டது என்பதே பெரும்பகுதி விடை. அதற்கு முந்தின ஆண்டும் வறண்டதாகையால் மலைச்சரிவுகளின் மண் ஆழம்வரையில் உலர்ந்து கிடந்தது. உருகிய நீர் ஆற்றிற்கு வருமுன் அம்மண்ணை நனைக்க வேண்டியிருந்தது. நெடுநாள் காய்ந்த வாய்க்காலில் முதல் நாள் விட்ட தண்ணீர் கடைமடைக்கு எட்டுவதில்லை என்பதை அறியாத குடியானவர் உண்டோ? மலையிலும் அஃதே நிகழ்ந்தது. அன்றியும், அவ்வசந்த காலம் வெப்பமும் காற்றும் மிகுந்திருந்தமையால் வெண்பனியில் ஒரு பாகம் நீராகாமலே ஆவியாகிவிட்டது. காட்டு மரங்களும் முன்னதாகவே துளிர்த்து நீரை உறிஞ்சின. பழைய ஆண்டுகளின் சராசரியைப் பெரிதும் சார்ந்து கணக்கிட்டதே பிழைக்குக் காரணமென்று மாகாணத்துத் தணிக்கை அதிகாரி 2023ல் குறை கூறினார். இஃது இலாகாவைப் பழிப்பதற்காக இங்கு எழுதப்படவில்லை. சராசரி என்பது கடந்த காலத்தின் நிழல், அதனை வருங்காலத்தின் உருவமாகக் கொள்ளலாகாது என்பதற்கே எழுதப்பட்டது.

இதற்கு அடுத்த குளிர்காலம் வேறொரு பாடத்தைக் கற்பித்தது. 2021 டிசம்பரில் ஸியெரா மலையில் மிகுந்த வெண்பனி பெய்தது. டானர் கணவாயை அடுத்த ஆராய்ச்சிச் சாலையில் டிசம்பர் மாதத்திற்கு முன் எப்பொழுதும் காணாத அளவு குவிந்தது. மாதக் கடைசியில் மாகாணத்து வெண்பனி அந்நாளைய சராசரியைப் போல் ஒன்றரை மடங்கிற்கு மேலாயிற்று. வறட்சி ஒழிந்தது என்று பலர் மகிழ்ந்தனர். பின் வந்த ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சு ஆகிய மூன்று மாதங்களும் அதுவரை கண்டறியாத வறட்சியாகக் கழிந்தன. ஏப்ரல் முதல் தேதி நிறுத்தபோது சராசரியில் 38 பங்கே மிஞ்சியது. பிலிப்ஸ் ஸ்தலத்தில் இரண்டரை அங்குல வெண்பனியும் அதனுள் ஓர் அங்குல நீருமே இருந்தன.

நெல் பயிரிடுவோர் அவ்வாண்டு பட்ட பாடு கொஞ்சமன்று. ஸாக்ரமென்டோப் பள்ளத்தாக்கில் நெல் வயல்களை ஏப்ரலில் உழுது சமன்செய்து, நீர் கட்டி, ஊறவைத்த விதையை விமானத்தினின்று தூவுவது வழக்கம். நல்ல ஆண்டுகளில் ஐந்து லட்சம் ஏக்ரா அளவில் நெல் நிற்கும். 2022ல் ஏறக்குறைய அதில் பாதியே நட முடிந்தது. ஆற்றுப் பாசனத்தில் மிகப் பழைய உரிமை உள்ளவர்களுக்கே உரிமை நீரில் 18 பங்குதான் அளிக்கப்பட்டது. ஏனைய பல மத்திய சர்க்கார்க் கால்வாய்ப் பாசனக்காரர்களுக்கு ஒன்றுமில்லை. நிலம் தரிசானால் நிலச்சொந்தக்காரருக்கு மட்டும் நஷ்டமென்று நினைக்கலாகாது. விதை தூவும் விமானம் ஓட்டுபவர், நெல் உலர்த்தும் சாலைகள், அரைவை ஆலைகள், உரம் விற்போர், கூலியாட்கள் ஆகிய அனைவர்க்கும் அவ்வாண்டு வேலையில்லாமற் போயிற்று. வயல்களில் நிற்கும் நீரை நம்பிக் குளிர்காலத்தில் வந்து தங்கும் வாத்துக்களுக்கும் நாரைகளுக்குங்கூட இடம் குறைந்தது.

2023ஆம் ஆண்டின் பெருவெண்பனி

2022 டிசம்பர்க் கடைசியில் நிலைமை தலைகீழாக மாறிற்று. பசிபிக் மகா சமுத்திரத்திலிருந்து ஆறு போல் நீண்டு வரும் ஈரக்காற்றுப் பெருக்குகள் மூன்று வாரத்திற்குள் ஒன்பது முறை வந்து மோதின. மார்ச்சிலும் அவை மீண்டும் வந்தன. 2023 ஏப்ரல் 3ந் தேதி பிலிப்ஸ் ஸ்தலத்தில் 126½ அங்குல ஆழத்தில் 54 அங்குல நீர் இருந்தது. மாகாணம் முழுவதும் சராசரியைப் போல் நூற்றுக்கு 237 பங்கு. இதற்கு ஈடு சொல்ல வேண்டுமானால் 1952, 1969, 1983 ஆகிய ஆண்டுகளைத்தான் குறிப்பிட வேண்டும்.

அவ்வாண்டு பாசன நீர் ஒதுக்கீடு மாறிய விதம் கவனிக்கத்தக்கது. மாகாணத்து நீர்த்திட்டத்தார் 2022 டிசம்பரில் ஒப்பந்த அளவில் நூற்றுக்கு 5 பங்கு தருவதாக அறிவித்தனர். அது ஜனவரியில் 30, பிப்ரவரியில் 35, மார்ச்சில் 75 ஆகி, ஏப்ரல் 20ந் தேதி 100 ஆயிற்று. முழு ஒதுக்கீடு 2006க்குப் பிறகு அதுவே முதன்முறை. நீர் பெருகியது நன்மையே. ஆனால் தக்காளி நாற்றுக்கு முன்பணம் கட்டுவதும், ஆலைகளோடு ஒப்பந்தம் செய்வதும், கடன் வாங்குவதும் ஜனவரி, பிப்ரவரியிலேயே முடிவாக வேண்டியவை. 30 பங்கு என்ற அறிவிப்பை நம்பிப் பாதி நிலத்தைத் தரிசிட்டவருக்கு ஏப்ரலில் வந்த 100 பங்கு முழுப் பயன் தரவில்லை. நீரின் அளவு எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் அதன் செய்தி வந்து சேரும் நாள்.

டுலேரிப் பிரதேசத்தாருக்கோ மிகுதியே துன்பமாயிற்று. கடலுக்கு வழியில்லாத அத்தாழ்நிலத்தில் முற்காலத்தில் ஒரு பேரேரி இருந்தது. மிஸ்ஸிஸிப்பி நதிக்கு மேற்கே அதைவிடப் பெரிய நன்னீர் ஏரி இருந்ததில்லை. ஆறுகளைத் திருப்பிக் கரை கட்டி அதனை வற்றச்செய்து பருத்தியும் தக்காளியும் விளைவித்தனர். 2023 வசந்தத்தில் அவ்வேரி தன் பழைய இடத்தைத் தேடி வந்துவிட்டது. இலட்சம் ஏக்ராவுக்கு மேல் நீரில் மூழ்கியது. கார்க்கொரான் என்னும் ஊரைக் காக்கும் கரையை அவசரமாக உயர்த்த நேர்ந்தது. வறட்சிக் காலத்தில் கிணற்று நீரை மிகுதியாக இறைத்தமையால் அவ்வூர் நிலமும் கரையும் ஒருங்கே தாழ்ந்திருந்ததே இதற்கு ஒரு காரணம். முந்தின ஆண்டு நீரின்றித் தவித்த அதே மக்கள் இவ்வாண்டு நீருக்கஞ்சி மணல் மூட்டை அடுக்கினர்.

வறட்சி ஒன்றன்று

இவ்வளவு வெண்பனிக்குப் பின் வறட்சி நீங்கிற்றா என்று கேட்டால், எந்த வறட்சி என்று திருப்பிக் கேட்க வேண்டும். மழை குறைதல் ஒரு வறட்சி. அது சில வாரப் பெருமழையில் தீரும். வேர்ப்பகுதியில் மண் உலர்தல் ஒரு வறட்சி. அதற்கு ஒரு நல்ல பருவம் போதும். நீர்த்தேக்கங்கள் வற்றுதல் மற்றொன்று. கலிபோர்னியாவில் அஃதும் 2023ல் தீர்ந்தது. ஓரோவில் அவ்வாண்டு ஜூனில் நிரம்பி வழிந்தது. நிலத்தடி நீர் தாழ்தலோ ஓராண்டில் தீராத நோய். அந்நாட்டில் வாரந்தோறும் வெளியிடப்படும் வறட்சிப் படத்தில் மஞ்சள் முதல் கருஞ்சிவப்பு வரையில் ஐந்து நிறங்களால் நிலைமையைக் காட்டுவர். 2023 வசந்தத்தில் அப்படத்தில் கலிபோர்னியாவின் பெரும்பாகம் நிறம் நீங்கி வெளுத்தது. படத்தைப் பார்த்தவர்கள் வறட்சி முடிந்ததென்றனர். கிணற்றைப் பார்த்தவர்கள் அவ்வாறு சொல்லவில்லை.

அண்டை மாகாணங்களுக்குரிய கொலராடோ நதியின் நிலை இதற்கு நல்ல உதாரணம். 1922ல் அந்நதி நீரைப் பங்கிட்டுக்கொண்ட உடன்படிக்கை, மழை மிகுந்த சில ஆண்டுகளின் கணக்கை ஆதாரமாகக் கொண்டது. ஆகையால் நதியில் வருவதைவிட மிகுதியாகப் பங்கிடப்பட்டிருக்கின்றது. அதன்மேலுள்ள மீட் என்னும் நீர்த்தேக்கம் 2022 ஜூலையில் அது நிரம்பிய 1930களுக்குப் பின் காணாத அளவு தாழ்ந்தது. 2023ல் மேல்நதி மலைகளில் வெண்பனி ஏராளமாகப் பெய்து, பவல் என்னும் மேல் நீர்த்தேக்கம் அறுபது அடிக்கு மேல் உயர்ந்தது. அப்படியிருந்தும் இரு தேக்கங்களும் அவ்வாண்டுக் கடைசியில் பாதிக்கும் குறைவாகவே நிரம்பியிருந்தன. இருபது ஆண்டுக் கடனை ஒரு மகசூலில் அடைக்க இயலுமோ?

கிணறுகளின் நிலை

கலிபோர்னியாவில் சாதாரண ஆண்டுகளில் பத்தில் நான்கு பங்கு நீர் நிலத்தடியிலிருந்து எடுக்கப்படுகின்றது. வறண்ட ஆண்டுகளில் அது ஆறு பங்காகிவிடும். கால்வாயில் நீர் வராதபோது, பணமுள்ள பண்ணையார் ஆயிரம் அடிக்கும் மேல் துளைத்துப் பெரிய யந்திரம் வைத்து இறைக்கின்றனர். வாதுமை முதலிய மரப்பயிர்கள் பெருகியது இதற்கு ஒரு முக்கிய காரணம். பருத்தியையும் தக்காளியையும் ஒராண்டு விதைக்காமல் விட்டுவிடலாம். வாதுமையோ நட்டு மூன்றாம் ஆண்டு காய்க்கத் தொடங்கி இருபத்தைந்து ஆண்டுவரை பலன் தருவது. ஒரு கோடை நீரின்றி விட்டால் போட்ட முதலெல்லாம் போகும். ஏக்ராவுக்கு ஆண்டில் மூன்று நான்கு அடி நீர் அதற்கு வேண்டும். ஆகவே மரம் வைத்தவர் எவ்விலை கொடுத்தும் நீர் தேடுகின்றார். எமது அபிப்பிராயத்தில், செழிப்பான ஆண்டு ஒன்றைக் கண்டு நிலம் முழுவதிலும் மரம் வைப்பது, வெள்ளம் வந்த ஆண்டின் நீர்மட்டத்தைக் கொண்டு மடை வைப்பதற்கு ஒப்பானது.

பண்ணையாரின் ஆழ்துளை இறைக்க இறைக்க, அண்டையில் உள்ள கூலிக்காரர் வீட்டுக் கிணறு முதலில் வற்றும். அது நூறு இருநூறு அடி ஆழமே உள்ளது. டுலேரி ஜில்லாவில் கிழக்குப் போர்ட்டர்வில் என்னும் சிற்றூரில் 2014ல் நூற்றுக்கணக்கான வீடுகளின் கிணறுகள் வறண்டு, குளிப்பதற்கும் சமைப்பதற்கும் லாரியில் நீர் கொணர்ந்து ஊற்றப்பட்டது. அவ்வீடுகளில் பலர் தோட்டங்களில் பழம் பறிப்பவர்கள். பகலெல்லாம் நீர் பாயும் மரங்களினடியில் வேலைசெய்து, மாலையில் வறண்ட குழாயுள்ள வீட்டுக்குத் திரும்பியவர்கள். 2022லும் மாகாணமெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீட்டுக் கிணறுகள் வற்றியதாக முறையிடப்பட்டது.

மிகுதியாக இறைப்பதனால் நேரும் மற்றொரு கேடு நிலம் அமிழ்தல். நீருள்ள களிமண் அடுக்குகள் நீர் நீங்கியதும் அமுங்கிவிடுகின்றன. பின் எத்துணை நீர் வந்தாலும் அவை முன்போல் விரிவதில்லை. மென்டோட்டா என்னும் ஊருக்கு அருகில் 1925க்கும் 1977க்கும் இடையே நிலம் ஏறக்குறைய 28 அடி தாழ்ந்தது. அங்கு ஒரு கம்பத்தில் பழைய நிலமட்டத்தைக் குறித்து, அதனடியில் ஒரு மனிதர் நிற்கும் படம் உலகமெங்கும் பிரசித்தம். இவ்வமிழ்தலால் ப்ரையன்ட்-கெர்ன் என்னும் கால்வாய் நடுவில் தொய்ந்து, அப்பகுதியில் தன் முழு அளவில் பாதி நீரையும் கொண்டுசெல்ல இயலாத நிலையை அடைந்தது. இவற்றையெல்லாம் கண்டு 2014ல் நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. மிகவும் கெட்டுப்போன பிரதேசங்கள், எடுப்பதும் சேர்வதும் சமமாகும் நிலையை 2040க்குள் அடைய வேண்டுமென்பது அதன் விதி.

பருவ முன்னறிவிப்பை எவ்வாறு கொள்வது

வருகின்ற மூன்று மாதம் மழை மிகுமா குறையுமா என்று அந்நாட்டு வானிலை இலாகாவார் முன்னறிவிப்பு வெளியிடுகின்றனர். அதன் பொருளைச் சரியாக உணராமல் பலர் ஏமாறுகின்றனர். கடந்த பல ஆண்டுகளின் மழையை மிகுதி, நடுத்தரம், குறைவு என மூன்று சம கூறாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் நூற்றுக்கு 33 தடவை வருவது. ‘குறைவாகப் பெய்ய நூற்றுக்கு 50 வாய்ப்பு’ என்று அறிவித்தால், குறையும் என்று உறுதி கூறியதாகாது. மீதி 50 வாய்ப்பு நடுத்தரத்திற்கும் மிகுதிக்கும் உண்டு. 2022 இலையுதிர்காலத்தில் பசிபிக் கடலின் நடுக்கோட்டுப் பகுதி மூன்றாம் ஆண்டாகக் குளிர்ந்திருந்தது. அந்நிலையில் தெற்குக் கலிபோர்னியாவில் மழை குறைவது வழக்கமாகையால் முன்னறிவிப்பும் அவ்வாறே சாய்ந்தது. பெய்ததோ மேற்சொன்ன பெருமழை. அதற்கு முன் 2015-16ல் அக்கடற்பகுதி மிகவும் வெப்பமடைந்திருந்தபோது தெற்கில் பெருமழை எதிர்பார்க்கப்பட்டது. அவ்விடம் வறண்டே இருந்தது. இதனால் முன்னறிவிப்பு பயனற்றதென்பது கருத்தன்று. நிலம் முழுவதையும் அதன்மேல் பணயம் வைக்கலாகாது என்பதே.

இதற்கு மாறாக, ஏப்ரலில் நிறுத்தறிந்த வெண்பனி கைமேல் உள்ள பொருள். ஆயினும் அதனோடு நான்கைந்து விஷயங்களைச் சேர்த்தே பார்க்க வேண்டும்: சென்ற இலையுதிர்காலத்தில் மலைமண் ஈரமாயிருந்ததா, நீர்த்தேக்கங்களில் முந்தின ஆண்டின் மிச்சம் எவ்வளவு, வசந்தம் குளிர்ந்து வருகின்றதா வெப்பமாய் வருகின்றதா, தன் கிணற்றின் நீர்மட்டம் மூன்றாண்டுக்கு முன் இருந்ததினும் ஏறியதா இறங்கியதா என்பன அவை. 2023ல் வசந்தம் குளிர்ச்சியாயிருந்து வெண்பனி மெதுவாக உருகியமையால்தான் வெள்ளச் சேதம் அஞ்சிய அளவுக்கு நேரவில்லை. காலப்போக்கில் காற்று வெப்பமடைந்து வருவதால், முன்னே வெண்பனியாக விழுந்தது மழையாக விழுவதும், விழுந்ததும் முன்னதாக உருகுவதும் அதிகரித்து வருகின்றன. மலைமேல் உள்ள பேரேரியின் கொள்ளளவு சுருங்குகின்றது என்று இதனைக் கொள்ளலாம்.

வெள்ளத்தை நிலத்தடியில் சேமித்தல்

ஆகையால் மிகுதியாக வந்த ஆண்டின் நீரை எங்கே வைப்பது என்பதே இப்பொழுது அங்குள்ள முதற் கேள்வி. புதிய அணைகளுக்கு நல்ல இடம் குறைவு, செலவும் மிகுதி. நிலத்தடியிலோ காலியான இடம் எல்லா நீர்த்தேக்கங்களையும் சேர்த்தாலும் அவற்றினும் பெரிது. எனவே வெள்ளநீரை வயல்களில் நிறுத்தி நிலத்திற்குள் இறங்கச்செய்யும் முறை பரவி வருகின்றது. ப்ரெஸ்னோ ஜில்லாவின் மேற்கில் ஒரு பெரிய பண்ணையில் 2011ஆம் ஆண்டு வெள்ளத்தின்போது திராட்சைத் தோட்டங்களில் பல வாரங்கள் நீர் கட்டினர். கொடி அழுகிவிடுமென்று அண்டையார் அஞ்சினர். கொடிக்கு ஒன்றும் நேரவில்லை. சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர், குளிர்காலத்தில் உறங்கும் குதிரை மசால் வயல்களில் சில அடி முதல் இருபது அடிக்கு மேல் வரையிலும் நீர் விட்டுச் சோதித்தனர். நீர் நன்கு இறங்கும் மண்ணில் மகசூல் குறையவில்லை. விட்ட நீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வேரைக் கடந்து கீழே சென்றது. களிமண் நிலத்தில் இது பலிக்காது. வேர் மூச்சுமுட்டிப் பயிர் கெடும். உரம் மிகுதியாக இட்ட நிலத்தில் முதலில் நீர் கட்டினால் உப்புச்சத்துக்கள் கரைந்து அண்டைக் குடிநீர்க் கிணறுகளைக் கெடுக்கும். ஆகவே எந்நிலம், எப்பயிர், எம்மாதம் என்பவற்றை ஆராய்ந்தே செய்ய வேண்டும்.

2023ல் வெள்ள நீரை இவ்வாறு திருப்ப விரும்புவோருக்கு அனுமதி பெறும் விதிகள் தளர்த்தப்பட்டன. அந்நீராண்டில் மனித முயற்சியால் மட்டும் 41 லட்சம் ஏக்ரா-அடி நிலத்தடியில் சேர்க்கப்பட்டது. இயற்கையாக ஊறியதும் இறைப்பு குறைந்ததும் சேர்ந்து நிலத்தடி நீரிருப்பு மொத்தம் 87 லட்சம் ஏக்ரா-அடி உயர்ந்தது; அதாவது மேட்டூர் அணையை நான்கு முறை நிரப்பும் நீர். அவ்வாண்டு பல இடங்களில் நீர் தயாராயிருந்தும், ஆற்றினின்று வயலுக்குக் கொண்டுசெல்ல வாய்க்காலும் மதகும் இன்மையால் வீணே கழிந்தது. அதன் பிறகு பல பாசனச் சங்கத்தார், வறண்ட மாதங்களிலேயே மதகுகளை அகலப்படுத்தியும், மணற்பாங்கான நிலங்களை வாங்கி ஊறுகுளங்களாக வெட்டியும் வருகின்றனர்.

2024 ஏப்ரலில் நிறுத்தபோது வெண்பனி சராசரியைச் சிறிது கடந்து 110 பங்கு இருந்தது.